சூறைவல்லி, உள்ளது உள்ளபடி

வேலைக்குப் போன பெண் வேலை உடுப்போடேயே வீடு திரும்பினால் தெரு ஒன்றும் சொல்லாது. நர்ஸ் வருகிறாள், பஸ் கண்டக்டர் வருகிறாள், யார் நிறுத்திக் கேட்கிறார்கள்? ஆனால் முதுகில் சிவப்புச் சால்வை, நெஞ்சில் ஜிகினா மின்னல், இடுப்புக்குக் கீழே பாக்கெட் வைத்த முழுக்கால்சட்டை, ஒரு காலில் முழங்கால் வரை ஏறிய ஹீல்ஸ் பூட்ஸ், மறு காலில் தட்டைச் செருப்பு என்று ஒருத்தி நொண்டிக்கொண்டு வர, அவளுக்குப் பின்னால் இரண்டு ஆம்பிளைகள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தால், தெருவுக்குக் கேட்க உரிமை உண்டு.

எதிர்வீட்டு டெய்லரக்கா கேட்டே விட்டாள்.

"என்னடி இது கோலம்? பாதி வேலையிலேயே துரத்திட்டாங்களா?"

"பாதி உடுத்துறப்பவே புடிச்சிட்டாங்கக்கா," என்றாள் நீச்சல்காரி.

நீச்சல்காரி என்பது தெரு வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்னால் நீச்சலில் மெடல் எல்லாம் வாங்கியவள். மெடல் அலமாரியில் இருக்கிறது, தோள் அவளிடம் இருக்கிறது. அந்தத் தோளைப் பார்த்துத்தான் படக்கதைக் கம்பெனிக்காரர்கள் அவளைச் சூறைவல்லி மண்டபத்தில் சூறைவல்லியாக நிற்க வைத்தார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் சால்வையில் மூக்கைத் துடைப்பார்கள். சுமாரான வேலைதான்.

சூறைவல்லியைப் படிக்காத பாக்கியசாலிகளுக்காக ஒரு வார்த்தை. அவள் சுழன்றால் காற்று சுழலும், கெட்டவர்கள் பறப்பார்கள். இத்தனை காலத்தில் அவள் வாயிலிருந்து வந்தது இரண்டே சொல்: வரும்போது "விலகு!", போகும்போது "முடிந்தது!" சிரிக்க மாட்டாள், அழ மாட்டாள், தும்ம மாட்டாள். பனிமலையில் சண்டை போட்டாலும் அதே அரை முழத் துணிதான், அதே ஹீல்ஸ்தான். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அவளைப் படித்த பையன்கள் எல்லாம் இப்போது தொப்பையும் வீட்டுக்கடனுமாக இருக்கிறார்கள். அவள் மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர்களின் ஒரே ஆசை.

கம்பெனி சும்மா இருந்திருக்கலாம். காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிறோம் என்று அவளுக்கு முழுக்கால்சட்டை போட்டது. தட்டைச் செருப்பு மாட்டியது. குணத்தையும் மாற்றியது: சிரிக்கிறாள், சந்தேகப்படுகிறாள், தப்பான ஆளை அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். ஒரு பக்கத்தில், எல்லாம் முடிந்து சுவர்மேல் உட்கார்ந்து "பசிக்குது" என்று சொல்லி ஒரு பன் தின்கிறாள்.

அந்தப் பன்தான் தீ வைத்தது. கால்சட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் பன்னைப் பொறுக்கவில்லை. கம்பெனி வாசலில் பன்களை வாங்கி வந்து மிதித்தார்கள். மறுநாள் இன்னொரு கூட்டம் வந்து, மிதிக்காத பன்களை எல்லோருக்கும் கொடுத்து, பாக்கெட்டைத் தட்டிக் காட்டி ஊர்வலம் போனது. கம்பெனி நடுங்கிப்போய், இனிமேல் சூறைவல்லியின் உடையும் குணமும் ரசிகர் பேரவை சொல்கிறபடி என்று எழுதிக் கொடுத்துவிட்டது. பேரவைக்குள் ஹீல்ஸ் கட்சி, பாக்கெட் கட்சி என்று இரண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலைவர். வாட்டர் பில்டர் ஏஜென்ட். எதையும் வடிகட்டித்தான் பேசுவார் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

பேரவை பிறப்பித்த முதல் உத்தரவு: இறுதித் தீர்ப்பு வரும்வரை சூறைவல்லி உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும்.

உத்தரவு மண்டபத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தில் நீச்சல்காரி உடை மாற்றும் அறையில் இருந்தாள். பழசைக் கழற்றிப் புதுசை மாட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கீழ்ப்பாதி மாற்றியாகிவிட்டது, ஒரு பூட்ஸைக் கழற்றியாகிவிட்டது, மேலே முதுகு ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. வாயில் ஒரு ஊக்கைக் கடித்துக்கொண்டு கையைப் பின்னால் வளைத்து அதோடு மல்லுக்கட்டும்போது கதவைத் தட்டினார் மேனேஜர்.

"அப்படியே நில்லும்மா! அசையாதே!"

பாம்பு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து அவளும் அசையாமல் நின்றாள். அவள் செய்த தப்பு அதுதான்.

இரு கட்சியிலிருந்தும் ஆள் வந்து, அவளைச் சுற்றி வந்து, எழுதிக்கொண்டார்கள். மேல்: பழசு. கீழ்: புதுசு. கால்: பழசு ஒன்று, புதுசு ஒன்று. குணம் என்ற இடத்தில் கொஞ்சம் தகராறு வந்தது. முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் "ஒரு புருவம் மேலே, பொறுமை தீரும் நிலை, வாயில் ஊக்கு" என்று எழுதினார்கள். ஊக்கு உடையில் சேர்த்தியா, குணத்தில் சேர்த்தியா என்று தெரியாததால், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மட்டும் எடுத்து வைக்கலாம் என்று இடைக்கால அனுமதி கொடுத்தார்கள். முதுகு ஜிப்பின்மேல் அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்கள். கீழ்ப்பாதிக்கு முத்திரை இல்லை. மனிதாபிமான அடிப்படையில், என்று தலைவர் கையெழுத்துப் போட்டார்.

கட்சிக்கு ஒருவராக இரண்டு பார்வையாளர்களும் கூடவே வந்துவிட்டார்கள். ஹீல்ஸ் கட்சிக்கு ஜெராக்ஸ் கடைக்காரர், உருண்டையான மனிதர். பாக்கெட் கட்சிக்கு ஒரு குறுந்தாடிப் பையன். பையன் என்றால் முப்பது இருக்கும். இருவரும் நீச்சல்காரியின் வீட்டுச் சோபாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு இவங்க?"

"என்னைப் பாத்துக்க வந்திருக்காங்க."

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

"அதான் நானும் யோசிக்கிறேன்," என்றாள்.

குறுந்தாடி எழுந்து நின்றான். "சார், தப்பா நினைக்காதீங்க. நாங்க இவங்க சுதந்திரத்துக்காகத்தான் இங்க இருக்கோம்."

"சுதந்திரம் எப்ப வீட்டுக்குக் கிளம்பும்?"

"தீர்ப்பு வந்ததும்."

ஜெராக்ஸ்காரர் குறுக்கே வந்தார். "மாப்ளே, நீங்க கவலைப்படாதீங்க. அக்காவை என் கூடப்பொறந்தவளா நெனச்சுத்தான் பாக்குறேன். ஆனா அந்த இடது புருவம் எறங்கிட்டு இருக்கு, அதை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க."

அவளுடைய மகள் முதல் நாள் குதித்தாள்: அம்மா வீட்டிலேயே சூறைவல்லி! இரண்டாம் நாள் அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூங்கப் போனவள், ஜிகினா குத்தியதில் அழுதுகொண்டு அப்பாவிடம் போய்விட்டாள். நீச்சல்காரி கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். மல்லாந்தால் அரக்கு உடையும். முதுகில் ஓர் இடம் அரித்தது. கை எட்டாத இடம் எது என்று அரிப்புக்கு எப்படித்தான் தெரியுமோ.

இதெல்லாம் போகட்டும். அவளுடைய உண்மையான கவலை வேறு. நகர நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை. எத்தனையோ வருஷமாக ஆள் எடுக்காத குளம். அவளுக்குத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. அதற்கு இரண்டு வேண்டும்: தண்ணீரில் நீந்திக் காட்ட வேண்டும், இப்போது வேலை பார்க்கிற இடத்திலிருந்து விடுவிப்புச் சான்று வாங்கி வர வேண்டும். முத்திரையை உடைத்தால் சான்று கிடைக்காது. உடைக்காவிட்டால் நீந்த முடியாது.

மேனேஜரிடம் போய் நின்றாள். பார்வையாளர்களும் வந்து நின்றார்கள்.

"சார், வர்ற வாரம் எனக்கு நீச்சல் தேர்வு."

"நல்ல விஷயம்மா. முயற்சி பண்ணு."

"இதைப் போட்டுக்கிட்டு எப்படி சார் நீந்துறது?"

"அதைப் பேரவைதான் சொல்லணும். நான் சாதாரண மேனேஜர். எனக்கு அதிகாரமே கிடையாதுன்னு எழுதிக் குடுக்கத்தான் எனக்கு அதிகாரம் இருக்கு." அவர் கொஞ்சம் தணிந்த குரலில் சேர்த்தார்: "ஊக்கை வாயில வச்சுக்கிட்டுப் பேசு. பாத்துட்டு இருக்காங்க."

இதற்குள் ஊரில் வேறு கூத்து ஆரம்பித்திருந்தது. அவள் மண்டபத்தில் நொண்டி நொண்டி நிற்பதைப் போட்டோவில் பார்த்த ரசிகர்கள் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். பழமைக்கும் புதுமைக்கும் நடுவே அவள் தள்ளாடுகிறாளாம். செருப்புக் கடைகளில் ஒரு கால் உயரம், ஒரு கால் தட்டை என்று ஜோடி வந்தது. பள்ளிக்கூடப் பெண்கள் வாயில் ஊக்கோடு நொண்டிப் போனார்கள். எலும்பு டாக்டர் தன் கிளினிக்கில் சூறைவல்லி படம் மாட்டினார். நன்றி விசுவாசம்தான், வேறென்ன.

தீர்ப்பு நாளில் பேரவை ஒரு டியூஷன் சென்டரில் கூடியது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள் முட்டி முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நீச்சல்காரியை முன்னால் மேசைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். ஒரு கால் உயரம் என்பதால் அங்கேயும் சாய்வாகத்தான் நின்றாள்.

ஹீல்ஸ் கட்சியின் பேச்சாளர் ஒரு வங்கி அதிகாரி. குரல் தழுதழுத்தது.

"நாங்க பெண்களுக்கு எதிரின்னு சொல்றாங்க. என் வாழ்க்கைல நான் அதிகமா மதிச்ச ஒரே பெண் சூறைவல்லி. ஏன்? ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல. வயசானதில்ல. என்கிட்ட ஒரு தடவைகூட 'எங்க போயிட்டு வரீங்க'ன்னு கேட்டதில்ல. இப்ப பசிக்குதுங்கிறா! இன்னைக்குப் பசிக்கும், நாளைக்குத் தலை வலிக்கும். எனக்கு இதெல்லாம் வீட்லயே இருக்கு. அதுக்கு நான் ஏன் காசு குடுத்துப் படிக்கணும்?"

கைதட்டல் அடங்க நேரமானது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாக்கெட் கட்சிக்குக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் எழுந்தார்.

"நண்பர்களே, இத்தனை காலம் இந்தப் பெண்ணுக்கு வாய் இல்லை. நாங்கள் வாய் கொடுத்தோம். பாக்கெட் கொடுத்தோம். இனிமேல் அவள் தனக்காகப் பேசுவாள்!"

"சார், நான் ஒரு வார்த்தை..." என்றாள் நீச்சல்காரி மேசைமேலிருந்து.

"இரும்மா, குறுக்க பேசாதே. உன் குரலைப் பத்தித்தான் பேசிட்டு இருக்கேன்." அவர் மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அவள் சிரிக்க வேண்டும்! கட்டாயம் சிரிக்க வேண்டும்! சிரிக்காத ஒரு பக்கத்தைக்கூட நாங்கள் அனுமதிக்க மாட்டோம்!"

"எனக்கு நாளைக்குத் தேர்வுங்க. தீர்ப்பு எதுவா வேணும்னாலும் இருக்கட்டும், ஜிப்பை மட்டும் கழட்டிவிடுங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "இப்ப பேசினது பழைய குணமா, புதுக் குணமா?"

அதன்மேல் விவாதம் மூண்டது. கோபமாகப் பேசினாள், அதனால் பழசு என்றது ஒரு பக்கம். உதவி கேட்டாள், அதனால் புதுசு என்றது மறுபக்கம். பெஞ்சு ஒன்று உடைந்தது. கடைசியில் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் தீர்ப்பைப் படித்தபோது இரு கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மேலே பழசு, கீழே புதுசு, நடுவில் பொறுமை தீரும் நிலை: இதுவே இனி என்றைக்கும் சூறைவல்லி. இருவருக்கும் வெற்றி. மேசைமேல் நிற்பதுதான் மூலப்பிரதி.

"அப்ப என் விடுவிப்புச் சான்று?"

மேனேஜர் சங்கடமாகச் சிரித்தார். "வேலை பாக்குறவங்களை விடுவிக்கலாம்மா. மூலப்பிரதியை எப்படி விடுவிக்கிறது?"

மறுநாள் காலை நீச்சல்காரி குளத்துக்குப் போனாள். புருஷன் பைக்கில் கொண்டுபோய்விட்டான். பேரவை பின்னாலேயே வேன் பிடித்து வந்தது. குளத்தின் பொறுப்பாளர் கழுத்தில் விசில் தொங்கும் ஒரு பெரிய அம்மாள். நீச்சல்காரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது என்ன?"

"கழட்ட விட மாட்டேங்கறாங்கம்மா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. பேர் கூப்பிட்டா குதிக்கணும். குதிக்கலேன்னா அடுத்த ஆளு."

பேர் கூப்பிட்டார்கள். அவள் செருப்பையும் பூட்ஸையும் உதறினாள். கரையில் பேரவை ஒரே குரலில் "ஐயோ!" என்றது. அவள் குதித்துவிட்டாள்.

சூறைவல்லி எத்தனையோ எதிரிகளைச் சந்தித்திருக்கிறாள். தண்ணீரை மட்டும் சந்தித்ததில்லை. சால்வை ஒரு மூட்டை தண்ணீரைக் குடித்துக்கொண்டு அவள் கழுத்தைப் பின்னால் இழுத்தது. அடுத்த வீச்சில் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. மூச்சு இழுத்தாள், துணி வந்தது. இரண்டு முறை முங்கினாள்.

"சால்வை நனையுது! சால்வை!" என்று கத்தினார் வங்கி அதிகாரி.

"பாக்கெட்ல தண்ணி போகுதும்மா, பாத்து!" என்றார் விரிவுரையாளர்.

"ஆளு முங்குதுடா!" என்று பாய்ந்தான் லிப்ட் மெக்கானிக். அவனைப் பேரவை பிடித்துக்கொண்டது. அவன் குதித்தால் உள்ளது உள்ளபடி இருக்காதாம்.

அடியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. முத்திரை ஒரு பக்கமும் ஜிப் ஒரு பக்கமுமாகக் கிழித்துக்கொண்டு, உள்ளே போட்டிருந்த, உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை தெரிய அவள் மேலே வந்தாள். வந்த வேகத்தில் சால்வையைச் சுருட்டிக் கரைக்கு எறிந்தாள். அடுத்து ஜிகினா மேல்சட்டை. அடுத்து கால்சட்டை.

ஹீல்ஸ் கட்சி மேல்சட்டையின்மேல் விழுந்தது. பாக்கெட் கட்சி கால்சட்டையை வாரி எடுத்துப் பாக்கெட்டைப் பிழிந்து பார்த்தது. சால்வைக்கு இரண்டும் அடித்துக்கொண்டன. பிறகு எல்லாவற்றையும் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு, வேனில் ஏறிப் போய்விட்டார்கள். தண்ணீரில் இருந்தவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினாள். நிறுத்தச் சொல்லி விசில் ஊதிய பிறகும் இன்னொரு தரம் போய் வந்தாள்.

"வேலை உனக்குத்தான்," என்றாள் பெரிய அம்மாள். "போய்ச் சான்று வாங்கிட்டு வா."

சில நாள் கழித்து அவள் சாதாரணச் சேலையில் மண்டபத்துக்குப் போனாள். அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பொம்மை நின்றது. உலர்ந்த சால்வை, மின்னல், பாக்கெட், ஒற்றை ஹீல்ஸ், வாயில் ஊக்கு, ஒரு புருவம் மேலே. ரசிகர்கள் வரிசையில் நின்று கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். இத்தனை கச்சிதமான சூறைவல்லி இதுவரை வந்ததில்லையாம். அரித்துக்கொள்வதில்லை, தேர்வு என்று உயிரை வாங்குவதில்லை.

"சான்று குடுங்க சார்."

"யாருக்கு?"

"எனக்கு."

மேனேஜர் வருகைப் பதிவைத் திருப்பிக் காட்டி, கூண்டின் பக்கம் கை நீட்டினார். "நீ வேலையை விடவே இல்லையேம்மா. ஒரு நாள்கூட லீவு போடாம நிக்கிற. சம்பளமும் உன் கணக்குக்குத்தான் போகுது. உள்ள வேலைல இருக்கிற ஆளுக்கு நான் எப்படி விடுவிப்பு எழுதுவேன்?"

"அப்ப ராஜினாமா எழுதித் தரேன்."

"தாராளமா. ஆனா மூலப்பிரதிதான் குடுக்கணும். அந்த உடுப்புல இருந்துக்கிட்டு, கையெழுத்துப் போட்டு." அவர் கூண்டின் கதவைத் திறந்து, மரியாதையாக ஒதுங்கி நின்றார். "ஒரு நிமிஷ வேலை. உள்ள வந்து போட்டுக்கிட்டு எழுதிடு."

அவள் கதவுவரை போய்விட்டாள். கூண்டுக்கு இருபுறமும் ஜெராக்ஸ்காரரும் குறுந்தாடியும் ஸ்டூலில் உட்கார்ந்து பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ்காரர் பாதி இளைத்திருந்தார். உதடு அசையாமல் சொன்னார்:

"உள்ள போயிடாதீங்கக்கா. எங்களுக்கே இன்னும் மாத்து ஆளு வரல."

அவள் திரும்பி நடந்தாள். குளத்துக்கு வந்து உள்ளதைச் சொன்னாள்.

பெரிய அம்மாள் வெகுநேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்தாள். "சான்று இல்லாம உன் பேரை எழுத முடியாது. ஆனா காலியிடம்னு எழுதலாம். காலியிடம் தண்ணில எறங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. தினமும் காலையில் காலியிடம் வந்து, பிள்ளைகளின் வயிற்றைக் கையில் தாங்கி, "காலை அடி, பயப்படாதே, நான் புடிச்சிருக்கேன்" என்கிறது. மண்டபத்தில் வாங்குகிற சம்பளத்தில் வீடு நடக்கிறது. அங்கே இல்லாமல் இருக்கிறாள், இங்கே இருந்துகொண்டு இல்லாமல் இருக்கிறாள். லிப்ட் மெக்கானிக் எதிர்வீட்டுக்காரியிடம் புலம்பினானாம்: "ரெண்டு மாடிக்கு நடுவுல லிப்ட் நின்ன மாதிரிக்கா. நானே மெக்கானிக், எனக்கே தொறக்கத் தெரியல."

போன வாரம் குளத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் கரை ஏறியாகிவிட்டது. அவள் மட்டும் நடுக்குளத்தில் இருந்தாள்.

"தண்ணில யாரோ இருக்காங்க போல?"

பெரிய அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரும் இல்ல சார். காலியிடம்."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் போவதாக இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் குளத்தோரமாக உட்கார்ந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். டீ வருமா என்று கேட்டார். பிறகு ஞாபகம் வந்தவராக முகம் மலர்ந்து சொன்னார்:

"நேத்து குடும்பத்தோட சூறைவல்லி மண்டபம் போயிருந்தோம்மா. அடடா, என்ன தத்ரூபம்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குது பாருங்க, சத்தியமா மூச்சு விடுற மாதிரியே இருக்கு."

பெரிய அம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். நாலைந்து குமிழி மேலே வந்து உடைந்தது.

"டீ வரும் சார்," என்றாள். "நீங்க வாசல் பக்கம் வந்து உக்காருங்களேன்."

"இருக்கட்டும்மா. இங்கதான் நல்லா காத்து வருது."